உருகிய பித்தளை ஏறும் சந்து

“பழைய சைக்கிளுக்கு நானே பைப் வாங்கி, வெல்டிங் வைத்து ஒரு கேரியர் செய்தேன். சில மாதத்தில் உடைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வெல்டிங் வைத்த இடம் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்தில்தான் பைப் விண்டுபோயிருக்கிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அடுத்து, சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு சின்ன டிரெய்லரும் செய்யப்போகிறாராம். அதற்குள் பதில் சொல்லிவிடுவது நல்லது.

கேரியர் பாரத்தால் மட்டும் உடைவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் குழாய் ஒரு துளி வளைந்து நிமிர்கிறது. ஆயிரக்கணக்கான முறை அப்படி ஆடினால் உலோகம் களைத்துப்போய், உருவம் சட்டென்று மாறும் இடமாகப் பார்த்து விரிசல் விடும். வெல்டிங்கின் விளிம்பு அப்படிப்பட்ட இடம். கெட்டியான ஒட்டு முடிந்து மெல்லிய குழாய் தொடங்கும் கோடு அது. போதாக்குறைக்கு, ஆர்க் வெல்டிங் அந்த ஓரத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் குழியையும் தோண்டிவிட்டுப் போகும். 18 கேஜ் குழாயின் சுவர் 1.2 மில்லிமீட்டர்தான். அதில் 0.3 மில்லிமீட்டர் குழி விழுந்தால் கால்வாசி சுவர் காலி. இதற்கு மேல், வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு கொஞ்சம் இளகி பலமும் குறைந்திருக்கும். ஆக, பக்கத்தில் உடைந்ததில் ஆச்சரியம் இல்லை.

பட்டறையில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.5 மில்லிமீட்டர் ராடு, குழாய்ச் சுவரைவிட இரண்டு மடங்கு தடிமன். அது அணையாமல் எரியத் தேவையான கரண்டை மெல்லிய சுவர் தாங்காது, பொத்தல் விழும். கை தேர்ந்தவர்கள் விட்டு விட்டுத் தட்டி ஒப்பேற்றுவார்கள். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால், காற்று படாமல் வாயு சூழச் செய்வது) இருந்தால் அழகாக வரும். இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் நான் சொல்லப்போகும் வழி. உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்த வழியும் அதுதான்: பிரேசிங்.

இது நமக்குப் புதிதல்ல. பழைய கறுப்பு சைக்கிளின் ஃபிரேமில் ஹேண்டில்பாருக்குக் கீழே பாருங்கள். குழாய்கள் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. லக் எனப்படும் ஓர் இரும்பு உறைக்குள் செருகியிருக்கும். உறைக்கும் குழாய்க்கும் நடுவே பித்தளை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த 531 என்ற பேர்பெற்ற மெல்லிய குழாயையும் இப்படித்தான் இணைத்தார்கள்.

வெல்டிங்கில் இரும்பே உருகுகிறது. அதற்குச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிரேசிங்கில் இரும்பு உருகுவதே இல்லை; சிவந்து நிற்கிறது, அவ்வளவுதான். 900 டிகிரியை ஒட்டி உருகும் பித்தளையோ, 650 டிகிரி வாக்கில் உருகும் வெள்ளிக் கலவையோ நடுவில் பாய்ந்து பிடித்துக்கொள்கிறது. இரும்பு உருகாததால் பொத்தலும் இல்லை, ஓரக் குழியும் இல்லை.

சரி, பாய்கிறது என்றேனே, எப்படிப் பாய்கிறது? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே விசைதான் இங்கேயும். ஆனால் ஏறுவது எண்ணெய் அல்ல, தண்ணீரைவிட எட்டு மடங்கு கனமான உலோகம். இவ்வளவு கனமானது ஒரு சந்துக்குள் எப்படி ஏறும்? கனத்தோடு சேர்ந்து அதன் பரப்பு இழுவிசையும் எகிறிவிடுகிறது. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 0.072 நியூட்டன். உருகிய பித்தளை, வெள்ளிக் கலவைகளுக்கு ஏறத்தாழ 1 நியூட்டன். சந்தின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உலோகத்தை உள்ளே இழுக்கும் அழுத்தம் சுமார் 20,000 பாஸ்கல் வருகிறது. அது உலோகத்தைக் கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும்! அதே சந்தில் தண்ணீர் 15 சென்டிமீட்டர்தான் ஏறும். கனமானதுதான் உயரம் ஏறுகிறது. ஒரு கேரியர் மூட்டில் நமக்குத் தேவையோ வெறும் அரை சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கில் சந்தின் அகலம் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அகலம் பத்து மடங்கானால் இழுவை பத்தில் ஒன்றாகும். 1 மில்லிமீட்டர் சந்தில் உலோகம் ஏறுவதற்குப் பதில் வழிந்து விழப் பார்க்கும். அதற்காகக் குழாயை இறுக்கி அடித்து ஏற்றினாலும் காரியம் கெடும். உலோகம் நுழைய இடம் வேண்டாமா? வெள்ளிக் கலவைக்கு 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை சரியான இடைவெளி. பித்தளைக்குச் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

பூமியின் ஈர்ப்பே இல்லாவிட்டால்? 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்மேல் உறை போட்டு, வெள்ளி–செம்புக் கலவையை உருக்கிவிட்டார்கள். கீழே இழுக்க எதுவும் இல்லாததால், தரையில் சரியாக நிரம்பாத அகலமான சந்துகளும் அங்கே நிரம்பின.

இவ்வளவு இழுவையும் ஒரே ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உருகிய உலோகம் இரும்பை நனைக்க வேண்டும். நாம் தொட்டுப் பார்க்கும் இரும்பு வெறும் இரும்பு அல்ல, அதன்மேல் ஆக்சைடு படலம் இருக்கிறது. சூடாக்கினால் அது இன்னும் தடிக்கும். அந்தப் படலத்தின்மேல் உருகிய பித்தளை ஒட்டாமல் உருண்டை திரண்டு நிற்கும். படலத்தைக் கரைக்கத்தான் வெங்காரம், அதாவது போராக்ஸ். நம் பொற்கொல்லர் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. சூடு பட்டதும் வெங்காரம் தன்னிடமுள்ள நீரை விட்டு வெள்ளையாக நுரைத்து உப்பும். பிறகு அடங்கி, 743 டிகிரியில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்தில் போராக்ஸ் மணிச் சோதனை செய்தவர்களுக்கு இந்த வேதியியல் பழக்கமானதுதான். வெள்ளிக் கலவைக்கு இது ஆகாது. வெங்காரம் உருகுவதற்குள் வெள்ளிக் கலவை உருகிவிடும். அதற்கென்று ஃபுளோரைடு கலந்த பசை விற்கிறார்கள். அந்தப் பசையே ஒரு வெப்பமானியும்கூட: முதலில் கொதிக்கும், பிறகு வெள்ளைப் பொடியாகக் காயும், 600 டிகிரியைத் தொடும்போது தெளிந்த தண்ணீராகி இரும்பின்மேல் பளபளக்கும். அந்த நொடியில்தான் வெள்ளிக் கலவை ராடை மூட்டில் தொட வேண்டும்.

ராடைத் தீயில் காட்டி உருக்கிச் சொட்டவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. வேண்டாம். தீ குழாய்க்கு, ராடு மூட்டின் விளிம்புக்கு. குழாயின் சூட்டிலேயே ராடு உருக வேண்டும். உருகிய உலோகம் சூடு அதிகமான பக்கம் நகரும் என்பதால், ராடு ஒரு பக்கம், தீ மறு பக்கம் என்று வைத்தால் அது மூட்டைச் சுற்றிக்கொண்டு வந்து எதிர் விளிம்பில் ஒரு பொன்கோடாக எட்டிப் பார்க்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

பலம் போதுமா? 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயை ஓர் உறைக்குள் 4 மில்லிமீட்டர் நுழைத்தால், ஒட்டும் பரப்பு சுமார் 150 சதுர மில்லிமீட்டர். குழாய் இரும்பின் வெட்டுப் பரப்போ 41தான். இதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. நடுவே பாய்ந்த உலோகப் படலம் மெல்லியதாக இருந்தால், இரு பக்கமும் உள்ள எஃகு அதை இளகி ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் அதே கலவையாலான தனிக் கம்பியைவிட அது கூடுதல் இழுவையைத் தாங்கும்.

திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. பாய்லர் குழாய்க்கு ஆராய்ச்சி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மீன்பாடி வண்டியும் பால் கேன் கேரியரும் செய்யும் தெருப் பட்டறையின் மூட்டு எத்தனை ஆட்டம் தாங்கும் என்று சோதித்துச் சொல்ல நம் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு சின்ன நிதி கொடுத்தால் என்ன? ராக்கெட் என்றால் பணம் வருகிறது. தினமும் ரோட்டில் ஓடுவதற்கு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ. பைப் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன்மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாக வரும். சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் அடிக்கும். “ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும்” என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குப் போனதை வயிற்றுக்குப் போகும் பால் என்ன செய்யும்? பித்தளையிலும் துத்தநாகம் உண்டு, அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதுவும் புகையும். காட்மியம் கலந்த பழைய வெள்ளி ராடு இதைவிட மோசம், தொடவே வேண்டாம். வெட்டவெளியில் வேலை செய்யுங்கள்.

இனி டிரெய்லர். அரை அங்குல 18 கேஜ் குழாயின் உள்விட்டம் கணக்குப்படி 10.26 மில்லிமீட்டர். மூட்டில் வெளி உறைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை உள்ளே விட்டால் சுற்றிலும் 0.13 மில்லிமீட்டர் சந்து. கடையில் கேட்டாலே கிடைக்கும் அளவு! குழாய்க்குள் நீளவாக்கில் ஒரு தையல் மேடு இருக்கும், அதை மட்டும் அரத்தால் ராவிவிடுங்கள். இரண்டு முனையும் அடைபடும் குழாயில் சிறு துளை ஒன்று அவசியம். உள்ளே இருக்கும் காற்று பித்தளை உருகும் சூட்டில் நான்கு மடங்கு விரியப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் உருகிய உலோகத்தை உங்கள் பக்கமே துப்பும். கம்பி கெட்டி, குழாய் மெல்லிசு என்பதால் தீயைக் கம்பிமேல் அதிக நேரம் காட்டுங்கள். சிவப்பு அடங்கித் தானாக ஆறும்வரை மூட்டை அசைக்காதீர்கள். ஆறிய பிறகு வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் ஃபுளோரைடு பசையின் மிச்சம் போய்விடும். வெங்காரக் கண்ணாடி அவ்வளவு லேசில் போகாது, கம்பி பிரஷ்ஷும் அரமும் வேண்டும். மிச்சம் வைத்து பெயின்ட் அடித்தால் அடியில் துரு ஏறிப் பெயின்ட் உரிந்துவிடும்.