கச்சேரி பத்து மணிக்கு முடிகிறது, வேலை எப்போது முடிகிறது?

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலூர் பக்கம் ஒரு இசை அரங்கத்தின் ஊழியர்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். திறந்தவெளி மேடை உள்ள இடம். மெல்லிசைக் கச்சேரி, கல்லூரிப் பிள்ளைகளின் பேண்டு, நடுநடுவே கல்யாண வரவேற்பு என்று ஓடிக்கொண்டிருக்கும். சவுண்டு, லைட்டு, மேடை, கேட்டு, டிக்கெட் கவுன்டர், துப்புரவு எல்லாம் சேர்த்து 26 பேர். பழைய ஒப்பந்தம் முடிந்து புதிதாகப் பேச வேண்டிய நேரம்.

கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி, மாதம் 4,000 ரூபாய் உயர்வு. நிர்வாகம் 1,500-க்கு மேல் ஏறவில்லை. மூன்று உட்கார்வு இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே கரைந்துவிட்டது. நான் பார்த்தவரை பெரும்பாலான பேச்சுவார்த்தைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. உயர்வுத் தொகை கண்ணுக்குத் தெரியும், வீட்டில் போய்ச் சொல்ல வசதியாக இருக்கும். ஒப்பந்தத்தின் மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. நான் தொழிலாளர் வழக்கு நடத்த ஆரம்பித்த புதிதில் நானும் படித்ததில்லை.

நான்காவது உட்கார்வுக்கு முந்தின நாள், மேடை வேலை பார்க்கும் ஒருவர் ஒரு 40 பக்க நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கச்சேரி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"1.00 வந்தோம். 10.05 ஸ்பீக்கர் ஆஃப். 11.15 வயர் சுருட்டி முடிஞ்சது. 12.30 லோடு ஏத்தியாச்சு. கேட் பூட்டு."

"சார், கச்சேரி முடிஞ்சா ஜனங்க வீட்டுக்குப் போய்டறாங்க. எங்களுக்கு அப்பத்தான் சார் வேலையே" என்றார்.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. அதனால் எந்தப் பாடகர் வந்தாலும் பத்து மணிக்கு மைக் அணைந்துவிடும். பழைய ஒப்பந்தத்தில் "நிகழ்ச்சி முடியும் வரை பணி" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, பத்து மணிக்கே டூட்டி முடிந்துவிட்டதாக நிர்வாகம் கணக்கு எழுதிவந்தது. அதற்கு அப்புறம் இருக்கிற இரண்டரை மணி நேரத்துக்கு ஆளுக்கு 150 ரூபாய் பேட்டா.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளம் 15,000. அதை 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், தியேட்டர், பொதுக் கேளிக்கை இடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதன்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், அதாவது மணிக்கு 144. இரண்டரை மணி நேரத்துக்கு 360. கையில் கிடைப்பது 150. ஒரு கச்சேரிக்கு 210 ரூபாய் விட்டுப்போகிறது. மாதம் ஒன்பது கச்சேரி என்றால் 1,890 ரூபாய். 4,000-க்கும் 1,500-க்கும் நடுவில் இருந்த 2,500-ல் முக்கால்வாசி அந்த நோட்டுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் இதைச் சொன்னதும் மேலாளர் முகம் மாறியது. ஆனால் அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். ஆடி மாதம் முழுக்க அரங்கம் காலியாகக் கிடக்கும், வாடகை வராது, சம்பளம் மட்டும் போகும் என்றார். அதுவும் உண்மைதான். நிர்வாகத் தரப்பிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஆடிக் கவலை எனக்கும் தெரியும்.

அன்று நாங்கள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரியை. "நிகழ்ச்சி முடியும் வரை" என்பதை அடித்துவிட்டு, "மேடை ஒழித்து, வாடகைச் சாமான் ஏற்றி, மேற்பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம் வரை பணிநேரம்" என்று எழுதச் சொன்னோம். "ஏற்றி" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். லாரி தாமதமாக வந்தால் அது எங்கள் தப்பா என்று நிர்வாகம் கேட்டது, எங்கள் தப்பா என்று ஊழியர்கள் கேட்டார்கள். கடைசியில் சொல் நின்றது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பத்து மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு விலை வந்ததும், அந்த நேரத்தைக் குறைக்க நிர்வாகமே வழி கண்டுபிடித்தது. ஓ.டி.யைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் சட்டம் விடாது. ஆகவே ஆட்களை இரண்டு பேட்சாகப் பிரித்தார்கள். செட்டிங் போடுகிறவர்கள் பகல் 1 மணிக்கு, கழற்றுகிறவர்கள் 3 மணிக்கு. ஓ.டி. போச்சே என்று இரண்டு இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். வயதானவர்களுக்குத் தூக்கம் கிடைத்தது. மாத உயர்வு 2,400-ல் முடிந்தது.

ஆடிக்கும் ஒரு வழி பிறந்தது. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி வருடத்துக்கு ஒன்பது விடுமுறை. பொங்கலன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் கச்சேரி வைத்தால் வந்தவருக்கு இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் பதிலுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை ஊழியருடையது. பாதிப் பேர் தாங்களாகவே ஆடியில் விடுமுறை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஓ.டி.க்குப் பதில் லீவு என்று மட்டும் எழுதவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

கவுன்டரிலும் கேட்டிலும் நிற்கிறவர்களுக்கு நாற்காலி கேட்டோம். 2021-லேயே தமிழ்நாடு அதைச் சட்டமாக்கிவிட்டது, பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கையெழுத்தை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். அப்போது இருந்த தொழில் தகராறுகள் சட்டப்படி, இருதரப்பும் தனியாக உட்கார்ந்து போட்டால் அது 18(1)-ஆம் பிரிவு ஒப்பந்தம், கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசத்தில் போட்டால் 12(3), நாளைக்குப் புதிதாகச் சேரும் பையனுக்கும் பொருந்தும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். சமரசப் பேச்சில் வக்கீல் உட்காரச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே நான் எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் வெளியே ஓடிவந்து, "வக்கீல் சார், இதுக்கு ஒத்துக்கலாமா?" என்பார். அன்று ஆறு டீ.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது, ஆட்களும் இன்னும் "பன்னண்டு மூணு" என்றுதான் சொல்கிறார்கள். மாறியது வேறொன்று. அன்று இவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எல்லாரும் ஒரே நாள் லீவு போட்டுடலாம்" என்று எழுதியிருந்தார். அன்று அது பேச்சோடு போனது. இப்போது பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவே வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோபத்தில் குழுவில் எழுதுவதற்கு முன் ஒரு தடவை யாரையாவது கேளுங்கள்.

கடைசியாக வேன். நள்ளிரவுக்கு மேல் பஸ் இல்லை, பைக் எல்லாரிடமும் இல்லை. காட்பாடி வழியாகக் குடியாத்தம் வரை ஒரு வேன் விடுவதாக எழுதி வாங்கினோம். பேரணாம்பட்டிலிருந்து வரும் லைட் பையன் ஒருவனுக்கு மட்டும் அது எட்டவில்லை. மேடைக்குப் பின்னால், சுருட்டிய கம்பளத்தின் மேல் படுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போகிறான். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின் அவன் அங்கே இருக்கும் நேரத்தை என்ன பெயரில் எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.