பழுதால் ஒளிரும் வைரம்

உயிரணுவுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது என்று பார்க்க, அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டி நுண்ணோக்கியில் கவனிப்பார்கள். லேசர் பட்டால் பல சாயங்கள் சில நிமிடங்களிலேயே வெளுத்துவிடும். பார்க்க வேண்டியது நடக்கத் தொடங்கும்போது சாயம் தீர்ந்திருக்கும். வெளுக்காத ஒன்றைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது வைரம், அதுவும் பழுதுள்ள வைரம்.

வைரப் படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதற்குப் பக்கத்து இடம் காலியாகவும் இருந்தால், அந்த ஜோடி பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பு ஒளியை உமிழும். சுற்றிலும் கெட்டியான கார்பன் கூண்டு காவல் இருப்பதால் வேதிவினை எதுவும் அதை நெருங்குவதில்லை. எத்தனை மணி நேரம் லேசர் அடித்தாலும் மங்குவதில்லை.

செயற்கை வைரத்தில் பொதுவாக நைட்ரஜன் ஏற்கெனவே இருக்கும், காலியிடம்தான் வேண்டும். 2005இல் தைவானின் அகாதெமியா சினிகா ஆய்வு நிறுவனத்தில் ஹுவான் செங் சாங் குழுவினர், 100 நானோமீட்டர் வைரத்தூளின் மீது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சிக் கார்பன் அணுக்களைத் தட்டி வெளியேற்றினார்கள். பிறகு வெற்றிடத்தில் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க, காலியிடங்கள் நகர்ந்து நைட்ரஜனுக்கு அருகே வந்து நின்றுகொண்டன. அந்தத் தூளை மனிதச் சிறுநீரக உயிரணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பெரிய நச்சுத்தன்மை தெரியவில்லை.

வெளுக்காமல் இருப்பது மட்டுமே என்றால் இதை நல்ல சாயம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். என் கணக்கில் இதன் உண்மையான சாமர்த்தியம் வேறு. அந்தப் பழுதில் உள்ள எலக்ட்ரான்களுக்குச் சுழற்சி (ஸ்பின்) என்னும் காந்தப் பண்பு உண்டு. 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைக் காட்டினால் சுழற்சி நிலை மாறி, சிவப்பு ஒளி சற்றுக் குறையும். நுண்ணலையை நிறுத்தினால் பழையபடி கூடும். திசுக்களும் தாமாகவே கொஞ்சம் ஒளிரும். ஆனால் அந்த ஒளி நுண்ணலைக்கு ஆடாது. எனவே நாம் ஆட்டும் தாளத்துக்கு ஆடும் ஒளியை மட்டும் கணினி பிரித்தெடுத்தால், பின்னணி இரைச்சல் கழன்றுவிடும். அந்த அதிர்வெண் வெப்பத்துக்கும் நகரும், டிகிரிக்குச் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ். 2013இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதை வைத்து உயிருள்ள ஓர் உயிரணுவுக்குள்ளேயே வெப்பநிலையை அளந்தார்கள்.

மனித உடலுக்குள் செலுத்தும் கட்டத்துக்கு இது இன்னும் வரவில்லை. பச்சை ஒளி தோலைத் தாண்டி ஆழம் போகாது. வைரம் உடலில் கரையவும் கரையாது. அதனால்தான் மருத்துவத்தில் இதற்கு முதல் வாசல் உடலுக்கு வெளியே, கர்ப்பம் பார்க்கும் பட்டை போன்ற சோதனைப் பட்டையில் திறக்கும் என்று நினைக்கிறேன். 2020இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு, பட்டையில் கோடாகத் தெரியும் வழக்கமான தங்கத் துகளுக்குப் பதில் நானோ வைரத்தைப் பட்டையில் வைத்து, நுண்ணலையால் அதன் ஒளியை ஆட்டிப் படித்தது. பட்டைக் காகிதத்தின் சொந்த ஒளி அடங்கிப்போக, தங்கத்தைவிட ஒரு லட்சம் மடங்கு நுட்பமாகக் கண்டறிய முடிந்தது. எச்ஐவி வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைச் சிறிது நேரம் பெருக்கிவிட்டு அதே முறையில் அவர்கள் பிடித்தும் காட்டினார்கள்.