டிசம்பர் வந்தா ஏன் வயித்தைக் கலக்குது?

கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு டிசம்பர்னா மார்கழிக் கோலமும் வெண்பொங்கலும் மட்டும் இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வருஷக் கடைசி வெள்ளம், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல், அது போன கையோட சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில பொங்கி ஊருக்குள்ள வந்தது. எல்லாமே வருஷம் முடியற நேரத்துலதான். அதனால கார்த்திகை தீபம் ஏத்தறப்பவே இங்க சில பேருக்கு தூக்கம் கெடும், சும்மா சும்மா கோவம் வரும், நெஞ்சு படபடங்கும், என்னன்னு கேட்டா "தெரியல, ஒரு மாதிரியா இருக்கு"ம்பாங்க. வீட்ல இருக்கறவங்க உடனே "எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அதையே நினைச்சிக்கிட்டு, மறந்துட்டு வேலையைப் பாரு"ன்னு ஒரு அட்வைஸ் குடுப்பாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா மூளை வேலை செய்யற விதத்துக்கு அது நேர் எதிரா இருக்கு.

நடந்ததை மூளை ஒரே இடத்துல சேர்த்து வைக்கறதில்ல. எட்வார்ட் கிளாபரேட்னு சுவிட்சர்லாந்து டாக்டர் ஒருத்தர் 1911-ல ஒரு வினோதமான விஷயத்தை எழுதினார். அவர்கிட்ட ஞாபக சக்தி போன ஒரு பேஷண்ட் அம்மா இருந்தாங்க, தினம் பார்க்கற டாக்டரையே அவங்களுக்கு அடையாளம் தெரியாது. ஒரு நாள் அவர் விரலுக்கு நடுவுல ஒரு குண்டூசியை ஒளிச்சி வச்சிக்கிட்டு கை குடுத்தார், குத்திடுச்சு. கொஞ்ச நேரத்துல அந்த அம்மாவுக்கு அது சுத்தமா மறந்துபோச்சு. ஆனா அடுத்த தடவை அவர் கையை நீட்டினப்போ வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க, ஏன்னு கேட்டா அவங்களுக்கே சரியா சொல்லத் தெரியல. (இப்ப இந்த மாதிரி ஒரு சோதனைக்கு எந்த காலேஜும் பர்மிஷன் தராது, அது வேற விஷயம்.) என்ன நடந்துச்சுங்கற கதை ஒரு பக்கம் இருக்கு, பயம் இன்னொரு பக்கம் இருக்கு, கதை அழிஞ்சாலும் பயம் தங்கிடும்.

கதையைப் பார்த்துக்கறது மூளைக்குள்ள இருக்கற ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி. எங்க, எப்போ, எதுக்கு அப்புறம் எதுன்னு தேதி போட்டு அடுக்கி வைக்கும். பயத்தைப் பார்த்துக்கறது அமிக்டலாங்கற இன்னொரு பகுதி, பாதாம் பருப்பு சைஸ்ல ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. ஆபத்து வந்தா அட்ரினலின் கொட்டுது, இதயம் அடிச்சிக்குது, அமிக்டலா அந்த நேரத்துல கண்ணுல காதுல மூக்குல பட்ட எல்லாத்தையும் ஆபத்தோட அடையாளமா பதிஞ்சிக்குது. இன்னொரு பக்கம், அதிகப்படியான ஸ்ட்ரெஸ்ல ஹிப்போகேம்பஸ் தடுமாறிடும், தேதியும் வரிசையும் ஒழுங்கா ஒட்டாது. அதனாலதான் சுனாமி வந்த அந்தக் காலையில பட்ட உப்புத் தண்ணி வாசனையும் ஜனங்க ஓடற சத்தமும், பழசு மாதிரி இல்லாம இப்ப இந்த நிமிஷம் நடக்கற மாதிரியே திரும்பி வருது.

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தறாங்கல்ல, அதை நினைச்சிக்குங்க. பெரிய புயல் நெருங்குதுன்னா பத்தாம் நம்பர் கூண்டு ஏத்துவாங்க, கரையைக் கடந்ததும் இறக்கிடுவாங்க. ட்ராமாவுல, அதாவது மனசை உலுக்கற பெரிய அதிர்ச்சியில, கூண்டு ஏத்தற ஆளு (நம்ம அமிக்டலாதான்) சரியாதான் வேலை செஞ்சிருக்கார், அதுல ஒரு குறையும் இல்ல, அவர் ஏத்தலைன்னா நீங்க ஓடித் தப்பிச்சிருக்கவே மாட்டீங்க. இறக்கறதுலதான் சிக்கல். இறக்கச் சொல்ல வேண்டியது நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃப்ரான்டல் பகுதி, அதோட குரல் அமிக்டலாவுக்கு போதுமான அளவு எட்டலைன்னா வெயில் அடிக்கற நாள்லயும் கூண்டு மேலயே நிக்கும்.

எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லங்கறதையும் சொல்லிடணும். உலக அளவுல கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த மாதிரி பெரிய அதிர்ச்சியைப் பார்க்கறாங்க, அதுல 5.6 சதவீதம் பேருக்குத்தான் அது பிடிஎஸ்டிங்கற, அதிர்ச்சிக்கு அப்புறமும் விடாம தொடர்ற மனநோயா மாறுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மீதிப் பேர் சில வாரத்துலயோ மாசத்துலயோ சொந்தக்காரங்க, தெருக்காரங்க, தொழில்னு மெல்ல எழுந்துக்கறாங்க. அதனால சம்பவம் நடந்த மறுநாளே எல்லாரையும் உட்கார வச்சி "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு"ன்னு கேக்கறது தேவையில்லாத வேலை. இப்படி ஒரே ஒரு தடவை கிளறி விடறதால பிடிஎஸ்டி வராம தடுக்க முடியலன்னும், சில பேருக்கு அது இன்னும் மோசமாக்கலாம்னும் ஆராய்ச்சிகள்ல தெரிஞ்சிருக்கு. கேமராவைத் தூக்கிக்கிட்டு முகாமுக்குப் போறவங்களுக்கு இதை யாராவது சொன்னா நல்லது. அந்த நேரத்துல சோறு, மாத்துத் துணி, குடும்பத்தோட சேர்த்து விடறது, சொல்ல வந்தா கேக்கறது, இதுதான் வைத்தியம்.

சரி, கூண்டு ஏன் வருஷக்கணக்கா இறங்காம நிக்குது? பெரும்பாலும் காரணம், தவிர்க்கறது. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு அம்மா கடல் பக்கமே போறதில்லன்னு வச்சிக்குவோம். பேரன் சில்வர் பீச்சுக்குக் கூப்பிட்டா முட்டி வலின்னு சொல்லிடுவாங்க, டிவியில வானிலை அறிக்கை வந்தா சேனலை மாத்திடுவாங்க. மாத்தின நொடியில நெஞ்சு லேசாகுது, அந்த நிம்மதிதான் பொறி, ஏன்னா மூளை அதைப் பார்த்து "ஒதுங்கினதாலதான் தப்பிச்சோம்"னு கணக்கு போட்டுக்குது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா ஒதுங்கச் சொல்லுது, இப்படியே கடல்ல ஆரம்பிச்சி மழை, காத்து, கூட்டம், கடைசியில வாசப்படின்னு உலகம் சுருங்கிக்கிட்டே வரும். கடல் இன்னைக்கு சும்மாதான் இருக்குங்கற சாட்சி அமிக்டலாவுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அந்த சாட்சியைக் கொஞ்சம் கொஞ்சமா கொண்டுபோய் குடுக்கறதுதான் எக்ஸ்போஷர் தெரபி. ட்ரெயினிங் எடுத்த ஆள் கூட இருந்து, முதல்ல கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்துல பீச் ரோட்ல நிக்க வைப்பாங்க, பயம் ஏறும், அது தானா கொஞ்சம் இறங்கற வரைக்கும் அங்கயே இருக்கணும். உச்சத்துல இருக்கறப்போ ஓடி வந்துட்டா பழைய பாடமே இன்னொரு தடவை படிச்ச மாதிரி. அப்புறம் சத்தம் கேக்கற தூரம், அப்புறம் மணல். இதுல பழைய பயம் அழியறதில்ல. அதுக்குப் பக்கத்துலயே "இது இப்ப ஆபத்தில்ல"ன்னு ஒரு புதுப் பதிவு உருவாகுது, எது ஜெயிக்குதுங்கறது இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. காலையில கடற்கரையில நல்லா இருந்தவங்களுக்கு ராத்திரி ஓட்டு மேல மழை கொட்டறப்போ பழசு திரும்ப வரலாம், அதுக்காக பட்டதெல்லாம் வீணாப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, ராத்திரி மழைக்குத் தனியா பழகலைன்னுதான் அர்த்தம்.

இதை விட ஆழமா போறது ஒண்ணு இருக்கு, குற்ற உணர்ச்சி. "நான் கையை விட்டுட்டேன்." "நான்தான் அன்னைக்கு மீன் வாங்க அனுப்பினேன்." தன்னைப் பத்தின மதிப்பு இங்கதான் உடையுது. மனசு ஏன் தன்னையே குத்திக்குதுன்னா, காரணமே இல்லாம இப்படி நடந்துடும்னு ஏத்துக்கறதை விட, என் தப்பாலதான் நடந்துச்சுன்னு நம்பறது ஒரு வகையில ஈஸி, அப்படி நம்பினா அடுத்த தடவை தடுத்துடலாம்னு ஒரு பிடிமானம் கிடைக்குது. இதுக்கு "உன் தப்பு இல்லம்மா"ன்னு ஆயிரம் தடவை சொன்னாலும் இறங்காது. நல்ல கவுன்சிலர் ஆறுதலை விட்டுட்டு கேள்வி கேப்பாங்க: அந்த நிமிஷத்துல உனக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு? சுனாமின்னு ஒரு வார்த்தையாவது கேள்விப்பட்டிருந்தியா? தண்ணி எவ்ளோ வேகம், உன் கைக்கு எவ்ளோ பலம்? இப்ப தெரிஞ்சதை வச்சி அப்ப இருந்த ஆளுக்குத் தீர்ப்பு சொல்றோம்ங்கறது அவங்க வாயாலயே வந்தாத்தான் பாரம் நகரும்.

உயிர் போனாத்தான் ட்ராமான்னும் இல்ல. தானே புயல்ல பண்ருட்டி பக்கம் அப்பா வச்ச பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில சாஞ்சப்போ, மரத்தோட சேர்ந்து "நான் எதுக்கு லாயக்கு"ங்கற கேள்வியும் வந்துச்சு. 1967-ல செலிக்மேன், மையர்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வச்சி செஞ்ச சோதனையில, நாம என்ன செஞ்சாலும் பலன் இல்லன்னு உயிர்கள் கத்துக்கிட்டு முடங்கிடுதுன்னு சொன்னாங்க. ஆனா 2016-ல அதே ரெண்டு பேரும் அதைத் திருப்பிப் போட்டாங்க: தொடர்ந்து அடி விழுந்தா முடங்கறதுதான் மூளையோட இயல்பு, "என் கையில ஏதோ இருக்கு"ங்கறதுதான் கத்துக்கிட்டு வர்ற விஷயம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச திருத்தம். முடங்கி உட்கார்ந்திருக்கறவரை சோம்பேறின்னு திட்டறதுல நியாயமே இல்லன்னு இதுல தெரியுது. "தன்னம்பிக்கையா இரு"ன்னு மேடைப்பேச்சு பேசறதை விட நாலு கன்னு நட்டு அதுல ரெண்டு துளிர் விடறதைப் பார்க்கறது மூளைக்கு நல்லாப் புரியும்.

புதுச்சேரியில சரக்கு சீப், அதனால இதையும் சொல்லியாகணும். குடிச்சா படபடப்பு அடங்கும், தூக்கம் வரும், ஆனா கனவு வர்ற ரெம் தூக்கத்தை அது கெடுக்குது, மனசு நடந்ததைச் செரிக்கற வேலை நிறைய அந்தத் தூக்கத்துலதான் நடக்குதுன்னு கருதறாங்க. பயத்தை விட்டு ஒதுங்கறதுக்கு அதுவும் இன்னொரு வழிதான். தூக்க மாத்திரையை மெடிக்கல்ல சொல்லி வாங்கிப் போட்டுக்கறதும் இதே ரகம், பிடிஎஸ்டிக்கு டயஸெபம் மாதிரி பதட்டத்தை அடக்கற மாத்திரைகளைப் பொதுவா பரிந்துரைக்கறதில்ல, மனச்சோர்வுக்குக் குடுக்கற செர்ட்ரலின் மாதிரி மருந்துதான் டாக்டருங்க யோசிப்பாங்க, அதுவும் வாரக்கணக்கா ஆகும் வேலை செய்ய.

திடீர்னு தூக்கிப் போடறப்போ உடனடியா செய்யக்கூடியது, மூச்சை இழுக்கறதை விட விடறதை நீளமா வச்சிக்கறது. விடறப்போ, மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். அது பயத்தைத் தீர்க்காது, அந்த பத்து நிமிஷத்தைத் தாண்ட வைக்கும். ஒரு மாசத்துக்கு மேல கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுங்கறதுன்னு போனா, இல்ல சாகணும்னு நினைப்பு வந்தா, அந்த ஒரு மாசம் கூட காத்திருக்காம, 14416-க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம். நேர்ல போகணும்னா கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவு. போறப்போ மாத்திரை மட்டும் கேக்காம, ட்ராமாவுக்குப் பேச்சு தெரபி இருக்கான்னும் வாயைத் திறந்து கேளுங்க, கூட்டத்துல டாக்டர் தானா சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.