சோலோ ஆல்பம்: அர்த்தம் என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

சோலோ ஆல்பம்னா ஒரே ஆள் தனியா உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சு பாடினதுன்னு நிறைய பேர் எடுத்துக்கறாங்க, ஃபங்க்னு சொல்ற அமெரிக்கக் கறுப்பின மக்களோட ஆட்டம் போட வைக்கிற தாள இசையில அந்த அர்த்தம் ரொம்ப அபூர்வமாதான் பொருந்தும். அமெரிக்க ஃபங்க் இசைக்காரர் ஜார்ஜ் கிளின்டனையே எடுத்துக்கோங்க. 1982ல கேபிடல் ரெக்கார்ட்ஸ்ல வந்த 'கம்ப்யூட்டர் கேம்ஸ்'தான் அவரோட முதல் சோலோ ஆல்பம், ஆனா உள்ள கேக்கிறது பூட்ஸி காலின்ஸ், கேரி ஷைடர்னு அவர் எழுபதுகள் முழுக்க நடத்தின பார்லமெண்ட், ஃபங்கடெலிக் பேண்டுகளோட அதே ஆளுங்கதான். பேண்ட் விஷயத்துல சட்டச் சிக்கல் வந்து கெடந்த நேரம், அதனால சொந்தப் பேர்ல போட்டார். அதுல இருக்கிற 'அடாமிக் டாக்' பாட்டை ஹெட்போன் போட்டு கேளுங்க, நாய் மூச்சிரைக்கிற சத்தம், அடியில சிந்தசைசர் பேஸ், மேல ஒரு கூட்டமே சேந்து குலைக்குது. 1983ல அமெரிக்க ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியல்ல முதலிடத்துக்கு போன பாட்டு, எழுதினவங்கன்னு கிளின்டனோட ஷைடர், டேவிட் ஸ்ப்ராட்லி பேரும் இருக்கு. அப்ப சோலோங்கிறது அட்டையில யார் பேரு, ஒப்பந்தம் யார் பேர்லங்கிற விஷயம், அவ்ளோதான்.

இதுக்கு நேர் எதிர் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ். 1978ல வந்த முதல் ஆல்பம் 'ஃபார் யூ'ல 27 இசைக்கருவி வாசிச்சதா அட்டையிலயே போட்டிருக்கும், அதுலயும் ஒரு பாட்டோட வரிகள்ல கிறிஸ் மூன்ங்கிற இன்னொருத்தருக்கு பங்கு உண்டு!

சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா, சோலோ இத்தாலியன், லத்தீன்ல 'சோலுஸ்'னா தனி. ஆல்பம் இன்னும் சுவாரஸ்யம். லத்தீன்ல 'ஆல்புஸ்'னா வெள்ளை, ரோம்ல பொது அறிவிப்பு எழுதி வைக்கிற வெள்ளைப் பலகைக்கு ஆல்பம்னு பேரு, பிறகு ஐரோப்பாவுல நண்பர்கள்கிட்ட கையெழுத்து வாங்குற வெத்து நோட்டுக்கு அந்தப் பேர் வந்து, அப்பறம் போட்டோ ஒட்டுற புத்தகத்துக்கு போச்சு. பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் கொள்ளும், அதனால நாலஞ்சு தட்டை உறை போட்டு புத்தகம் மாதிரி தச்சு வித்தாங்க, பாக்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால அதே பேர். 1948ல கொலம்பியா கம்பெனி நீளமா ஓடுற எல்பி தட்டைக் கொண்டுவந்ததும் எல்லாம் ஒரே தட்டுல அடங்கிருச்சு, புத்தகம் போயி பேர் மட்டும் நின்னுடுச்சு.

ஃபங்க்னா ஆங்கிலத்துல முதல்ல கெட்ட வாடை. கறுப்பின இசைக்காரங்க வாயில அது வேர்வை சிந்தி உயிரைக் குடுத்து வாசிக்கிறதுக்கான பாராட்டா மாறுச்சு. காங்கோ மொழியில உடம்பு வாடையைக் குறிக்கிற 'லூ-ஃபூகி'ங்கிற சொல்லோட இதை இணைச்சு பாக்குற ஆய்வாளர்களும் உண்டு.

இப்ப தமிழுக்கு வருவோம். 'தனிப்பாடல் தொகுப்பு'ன்னு எழுதாதீங்க, ப்ளீஸ். தனிப்பாடல்னா நம்ம இலக்கியத்துல புலவர்கள் அப்பப்ப பாடின உதிரிப் பாட்டு, 'தனிப்பாடல் திரட்டு'ன்னே பழைய நூல் இருக்கு, படிக்கிறவங்க காளமேகத்தை நினைப்பாங்க. 'ஆல்பம் சாங்'னும் வேணாம், நம்மூர்ல அது சினிமாவுல வராத பாட்டுன்னு ஆயிடுச்சு, ஒத்தைப் பாட்டுக்கும் அதையேதான் சொல்றோம். இசைத்தட்டு, இறுவட்டு (சிடி) எல்லாம் பொருளோட பேரு, ஆன்லைன்ல மட்டும் வர்ற ஆல்பத்துக்கு ஒட்டாது.

என்னோட தேர்வு 'தனி இசைத்தொகுப்பு'. பேண்டுலேருந்து பிரிச்சு காட்ட தனி போதும், ஏற்கனவே வந்த பாட்டுகளை சேத்துப் போடுற கம்பைலேஷனுக்கு 'திரட்டு'ன்னு வச்சுக்கிட்டா குழப்பமும் வராது. எழுதும்போது "ஜார்ஜ் கிளின்டன் தன் பெயரில் வெளியிட்ட முதல் தனி இசைத்தொகுப்பு"ன்னு எழுதுங்க, பிரின்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் "எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்த"ன்னு முன்னாடி சேத்துக்கோங்க. ஃபங்க்கை ஃபங்க்னே விட்டுடலாம், ஜாஸ், ப்ளூஸை எல்லாம் அப்படித்தானே எழுதறோம்.