டர்பன் ஒளிந்திருக்கும் பதினைந்து எழுத்து

2023இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவே மாலையானால் வாசலுக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரம் கரன்ட் இருக்காது. அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆயாவின் பேரன் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தான். "அங்கிள், டர்பன்ல இருக்கிற ஆறு எழுத்தும் வர்ற மாதிரி பெரிய இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு சொல்லுங்க."

டி, யூ, ஆர், பி, ஏ, என். வரிசை மாறலாம், வேறு எழுத்துகள் கூடச் சேரலாம், ஆனால் ஆறில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. யோசித்து யோசித்து 'டர்பண்ட்' என்றேன். தலைப்பாகை கட்டியவர் என்று பொருள், எட்டு எழுத்து. அப்புறம் 'அன்அப்ரிஜ்டு', சுருக்கப்படாதது, பத்து எழுத்து. பையன் முகத்தில் திருப்தி இல்லை.

கரன்ட் வந்ததும் கணினியில் சின்னதாக ஒரு நிரல் எழுதிக் கேட்டேன். வந்த பட்டியலில் ஒரு சொல் என்னைச் சிரிக்க வைத்தது: 'இன்சபார்டினேஷன்'. பதினைந்து எழுத்து. பொருள், கீழ்ப்படியாமை. காந்தி 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய ஊரின் பெயர் ஒளிந்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? இத்தனைக்கும் ஊருக்குப் பெயர் கொடுத்தவர் கேப் காலனியின் ஆளுநராக இருந்த பெஞ்சமின் டர்பன்!

சரி, நிரல் இதை எப்படிக் கண்டுபிடித்தது? நாம் செய்வது போல எழுத்துகளைப் புரட்டிப் போட்டுப் பார்த்தல்ல. ஆறு எழுத்தை மட்டும் 720 விதமாக அடுக்கலாம். நடுவில் இன்னும் ஒன்பது எழுத்து எதுவாகவும் இருக்கலாம் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் கணினி சொல்லை உருவாக்கவே முயல்வதில்லை. இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாகச் சல்லடையில் போடுகிறது, அவ்வளவுதான். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் விளையாட்டின் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் சுமார் 2,80,000 சொற்கள். நமக்கு மலைப்பு, கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

சல்லடையின் சூட்சுமம் அழகானது. ஒரு பலகையில் வரிசையாக 26 பல்புகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கு ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படி ஒரு பலகை. சொல்லில் எந்தெந்த எழுத்து உண்டோ அந்தப் பல்புகள் மட்டும் எரியும். நம் கேள்விக்கும் ஒரு பலகை, அதில் ஆறு பல்பு எரிகிறது. கேள்வியில் எரிகிற இடமெல்லாம் சொல்லிலும் எரிந்தால் அந்தச் சொல் தேறியது. பல்பு எரிந்தால் 1, அணைந்தால் 0 என்று எழுதினால் மொத்தப் பலகையும் ஒரே எண்ணாகிவிடும். இரண்டு எண்களை ஒப்பிட்டு, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் பொறுக்கும் வேலையைக் கணினிச் சில்லு ஒரே கட்டளையில் முடித்துவிடும். தேறியவற்றை நீளப்படி அடுக்கினால் பெரியது மேலே வந்து நிற்கும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. பல்பு எரிகிறதா என்றுதான் தெரியுமே தவிர, அந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று தெரியாது. என் என்ற எழுத்து இரண்டு முறை வேண்டும் என்று பையன் கேட்டிருந்தால் இந்தப் பலகை கைவிரித்துவிடும்.

அதற்கு இன்னொரு வழி, பள்ளியில் படித்த பகா எண்கள். ஏ என்றால் 2, பி என்றால் 3, சி என்றால் 5 என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால் கடைசி எழுத்துக்கு 101 வரும். சொல்லின் எழுத்துகளையெல்லாம் பெருக்குங்கள். டர்பனுக்கு 80,42,118 வருகிறது. ஒரு சொல்லின் எண் இதனால் மீதியின்றி வகுபட்டால் ஆறு எழுத்தும் உள்ளே இருக்கின்றன. 'டர்பண்ட்' எண்ணை வகுத்தால் 781 வரும். 781 என்பது 71 பெருக்கல் 11. அதாவது அந்தச் சொல்லின் முதல் எழுத்தான டீ, கடைசிக்கு முந்திய எழுத்தான இ. மிச்ச எழுத்துகளையும் ஈவே காட்டிக்கொடுத்துவிடுகிறது! ஒரே எழுத்து இரண்டு முறை வேண்டுமென்றால் இரண்டு முறை பெருக்கினால் போதும். எனக்கு இந்த முறைமேல் ஒரு காதல், ஆனால் நடைமுறையில் தொல்லை பிடித்தது. 'இன்சபார்டினேஷன்' 22 இலக்க எண்ணாகிறது. கணினி ஓர் எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் 64 பிட் இடத்தில், அதாவது 64 பல்பு வரிசையில், அது கொள்ளாது. எழுத்துகளை நேராக எண்ணிப் பார்ப்பதே மேல்.

கரன்ட் இல்லாதபோது மனித மூளைக்கு என்ன வழி? அரிதான எழுத்தைப் பிடித்துக்கொள்வதுதான். ஸ்க்ராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் எந்த எழுத்து எத்தனை என்று முடிவு செய்தார். நூறு கட்டைகளில் ஏ ஒன்பது, பி இரண்டுதான். ஆகவே டர்பன் கேள்வியில் ஏ-யை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வது வீண். பி எங்கே உட்காரும் என்று கேட்க வேண்டும். 'சப்' என்ற முன்னொட்டு ஞாபகம் வந்தால் பி-யோடு யூ-வும் சேர்ந்தே வந்துவிடும். ஆங்கிலத்தின் நீளமான சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கத் துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கட்டியவை. கடைசியில் 'ஏஷன்' வைத்தால் ஏ-யும் என்-னும் முடிந்தன. மிச்சம் டி-யும் ஆர்-ரும் மட்டும். நான் அன்று எழுத்தாகத் தேடினேன், துண்டாகத் தேடியிருக்க வேண்டும்.

மறுநாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆயா, "தமிழ்ல இது ஆகாதா?" என்றார். ஆகும், ஆனால் பலகையில் 26 பல்பு போதாது, 247 வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கணினி 'தமிழ்' என்ற மூன்று எழுத்துச் சொல்லை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டாக வைத்திருக்கிறது. 'மி' உள்ள சொல் கேட்டால் 'மகளிர்' என்று கொடுத்துவிடும். அங்கே ம இருக்கிறது, இகரக் குறியும் இருக்கிறது, ஆனால் குறி ஏறியிருப்பது ள-வின் தலையில். முதலில் சொல்லை எழுத்தெழுத்தாகச் சரியாக வெட்டத் தெரிய வேண்டும், பல்பெல்லாம் அதற்கப்புறம். அந்த நிரலை இன்னும் எழுதி முடிக்கவில்லை. ஆயாவும் பேரனும் அதுவரை நோட்டிலேயே விளையாடுகிறார்கள்.