வாம்பயர்: காட்டேரியா, குருதியுண்ணியா?

செத்துப் புதைத்த பின்னும் குழியிலிருந்து எழுந்து வந்து ரத்தம் குடிக்கும் பிணம்தான் வாம்பயர். சொல்லின் ஊர் செர்பியா. அங்கே பிணங்களைத் தோண்டிப் பார்த்த ஆஸ்திரிய அதிகாரிகளின் அறிக்கைகள் 1725, 1732-இல் வெளிவர, 'வாம்பிர்' ஜெர்மனுக்குள் நுழைந்தது. பிறகு பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் பரவியது. பிரெஞ்சில் 'வாம்பீர்'. புதுச்சேரிக்காரர் காதில் அது 'வா, பீர்' என்றுதான் விழும். பேய்க் காமெடி எழுதுபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தமிழில் பரவலாக வழங்குவது ரத்தக்காட்டேரி. அதில் ஒரு சிக்கல். கடலூர், புதுச்சேரிப் பக்கம் காட்டேரி என்றால் பெண். படையல் போட்டுக் கும்பிடும் தெய்வம். பிணம் எழுந்து காட்டேரி ஆவதில்லை, வாம்பயரைப் போலப் பூண்டுக்கும் சிலுவைக்கும் அது பயப்படுவதுமில்லை. 'காட்டேரி வந்தான், கழுத்தைக் கடித்தான்' என்று வசனம் வைத்தால் பயப்பட வேண்டிய இடத்தில் தியேட்டர் சிரித்துவிடும். 'காட்டேரி வந்துச்சு' என்றால் ஓரளவு தப்பிக்கலாம்.

குருதியுண்ணி என்பது சொல்லாக்கத்தில் பழுதற்றது. ஆனால் உண்ணி என்றதும் மாட்டின் காதில் ஒட்டிக்கிடப்பதுதானே நினைவுக்கு வருகிறது? டிராகுலா மாதிரி கோட்டு போட்ட பிரபுவுக்கு அது பொருந்தவில்லை.

டப்பிங்கில் வேறு தொல்லை. 'வாம்பயர்' சொல்லும்போது நடுவில் 'ம்ப'வுக்கு உதடு மூடித் திறக்கும். 'காட்டேரி'யில் உதடு மூடும் எழுத்தே கிடையாது. குளோசப்பில் வாய் மூடியிருக்க 'ட்டே' என்று குரல் மட்டும் வரும். குறைந்த செலவுப் படங்களில் இந்தப் பிசகு அடிக்கடி தெரியும். ஆகவே குளோசப்பில் வாம்பயர் என்றே விடுங்கள், அல்லது ம, ப வரும்படி 'பொணம்', 'பேய்' என்று வரியை மாற்றுங்கள். முதுகு காட்டும் ஷாட்டில் காட்டேரி தாராளமாக வரலாம். சப்டைட்டிலில் உதட்டுக் கவலை இல்லை. முதல் முறை 'ரத்தக்காட்டேரி', அடுத்தடுத்து வெறும் 'காட்டேரி' போதும்.

வாம்பயர் வௌவாலுக்கு மட்டும் குருதியுண்ணி கச்சிதம். ரத்தம் மட்டுமே குடித்து வாழும் வௌவால் மூன்றே இனம். மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில்தான். நம்மூர் மரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவாலைப் படம்பிடித்து வாம்பயர் என்று காட்டுவதெல்லாம் பட்ஜெட் செய்யும் வேலை.