மூலம் என்று விட்டுவிட்ட எட்டு மாதங்கள்

அவருக்கு வயது 38. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர், கிளம்பும்போது கதவருகே நின்று, "டாக்டர், மலத்துல கொஞ்சம் ரத்தம் வருது. மூலம்தான்னு நினைக்கிறேன்" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதமாம். கீமோ சமயத்தில் மலச்சிக்கல் இருந்ததால் மூலம் வந்திருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். போய்க் காட்டிய இடத்திலும் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இதற்கிடையில் நானும் இரண்டு முறை அவரைப் பார்த்திருக்கிறேன். மார்பைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். ஹீமோகுளோபின் குறைந்திருந்ததைக்கூடப் பழைய கீமோவின் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி தெரிந்தது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பழைய மார்பகப் புற்றுநோய் குடலுக்குப் பரவியிருக்கிறதா, அல்லது இது புதிதாக முளைத்த இன்னொரு புற்றுநோயா? மார்பகப் புற்றில் லோபுலர் என்றொரு வகை, அபூர்வமாகக் குடலுக்குப் போய் குடல் புற்றைப் போலவே காட்சி தரும். பயாப்ஸித் துண்டுக்குச் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் பெரும்பாலும் தெளிவாகும். செல்களில் சிடிஎக்ஸ்2 என்ற புரதத்தின் சாயம் பிடித்தால் குடல் பக்கம் சாயும், காட்டா3 என்ற புரதத்தின் சாயம் பிடித்தால் மார்பகத்தின் பக்கம். பரவியது என்றால் நான்காம் நிலை. புதியது என்றால், மற்ற இடங்களுக்குப் போகாதவரை, முழுக்கக் குணப்படுத்தப் பார்க்கலாம். இவருக்குப் புதியது. அந்த ரிப்போர்ட் வரும்வரை அவர் தூங்கவில்லை என்றார்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தோம். "அம்மா வழியில யாருக்கும் இல்ல டாக்டர்." சரி, அப்பா வழியில்? பெரிய அத்தைக்கு மார்பில். தாத்தாவுக்கு ஏதோ "வயித்துக் கட்டி". முதல் கோப்பில் இதில் ஒரு வரியும் இல்லை. மார்பகப் புற்று என்றாலே அம்மா, சித்தி, பாட்டி என்று கேட்டு நிறுத்திவிடுகிறோம். ஆனால் மார்பகப் புற்றின் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ போன்ற ஜீன்களின் மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இளம் வயதில் இரண்டு புற்றுநோயும் ஒருவருக்கே வந்தால் பிஆர்சிஏ மட்டும் பார்த்தால் போதாது, பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிபி53, பிடென், எஸ்டிகே11 ஆகிய ஜீன்களின் மாற்றங்கள் மார்பையும் குடலையும் சேர்த்தே பாதிக்கக்கூடியவை. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு முக்கியமாகக் குடலையும் கர்ப்பப்பையையும் தாக்கும். பதிலைப் பொறுத்துச் சிகிச்சையே மாறலாம். டிபி53 மாற்றம் இருந்தால் முடிந்தவரை ரேடியேஷனைத் தவிர்ப்போம். லிஞ்ச் வகைக் கட்டியென்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்கு வழியிருக்கிறது. இளம் வயதில் வேறு நோய்க்காக நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர்களையும் இந்த இடத்தில் மறக்கக் கூடாது. அதுவும் பின்னாளில் மார்பகப் புற்றைக் கொண்டுவரக்கூடும்.

இரண்டாவது சிகிச்சை முதலாவதன் மேல் ஏறி உட்காரும். இவருக்கு மார்பகத்துக்குக் கொடுத்த பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தால் ஏற்கெனவே விரல் நுனிகள் மரத்திருந்தன. குடலுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தும் அதே நரம்புகளைத்தான் தொடும். சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பொத்தானில் தடுமாறினார். மருந்தளவைப் பேச எனக்கு அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களிடம் கருமுட்டை சேமிப்பைப் பற்றிக் கீமோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் என்றால் இன்னும் முக்கியம்.

தலைகீழாகவும் நடக்கும். குடல் புற்றுக்குச் சிகிச்சை எடுத்த இளம்பெண், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் "பால் கட்டு" என்றோ சாதாரண நார்க்கட்டி என்றோ விட்டுவிடுவார். 45 வயதில் குடல் பரிசோதனை தொடங்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டிகள் சொல்வது அறிகுறி இல்லாத, சாதாரண அபாயம் உள்ளவர்களுக்கு. ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மாறிப்போன மலப்பழக்கம் என்றால் வயதைப் பார்க்க வேண்டியதில்லை.

அந்த 38 வயதுப் பெண்ணின் ஜீன் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. பலருக்கும் அப்படித்தான் வரும். ஆனாலும் உடன்பிறந்தவர்களை விடுவதில்லை: 40 வயதிலோ, நோய் கண்டவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி. அக்காவுக்கு 38 என்றால் தம்பிக்கு 28. அவருக்கு அப்போதே 35. "அக்காவுக்கு வந்தது பொம்பளைங்க நோய்தானே" என்று இழுத்தடித்தார். மூன்றாவது போனுக்குப் பிறகு வந்தார். இரண்டு பாலிப் (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சி) எடுத்தோம்.